பாவ அறிக்கையும் குற்றச் சம்மதமும்

ஓய்வு பெற்ற பிறகு வஞ்சியூர் நீதிமன்றத்துப் பக்கம் நான் போவது குறைந்துவிட்டது. ஆனாலும் அந்த வளாகம் என்னை விடுவதாக இல்லை. ஏதாவது ஒரு சொல்லில் சிக்கல் வந்தால் போனில் கூப்பிடுகிறது. எல்லாம் மலையாளத்தில் நடக்கும் அங்கே, என் நாற்காலியில் இப்போது தமிழ் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருப்பவள் ஷைனி. போன மாதம் அவள் கூப்பிட்டபோது சிரிப்பை அடக்க முடியாமல் பேச்சு திக்கித் திக்கி வந்தது. சாட்சிகள் சொல்வதையும் மனுக்களையும் கணினியே மொழிபெயர்த்துத் தரும் ஏற்பாடு ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று கொடுத்த மனுவில் 'முடியப்பன்' என்ற பெயரை அது 'கூந்தலின் தகப்பன்' என்று மாற்றிக் கொடுத்துவிட்டது.

"அக்கா, உங்க முடியப்பன் கேஸ எங்ககிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கீங்க. அத ஒண்ணு எழுதி வெச்சாத்தான் என்ன?" என்று கேட்டாள்.

எனக்குக் கணினி மீது கோபம் ஒன்றும் இல்லை. இன்றைக்குத் தெரியாததை அது நாளைக்குக் கற்றுக்கொள்ளும். நானும் அப்படிக் கற்றவள்தான். ஆனால் முடியப்பனை எழுத உட்கார்ந்தால் ராகேலை எழுதாமல் எழுந்திருக்க முடியாது. அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

என் பெயர் தெபோராள். எபிரெய மொழியில் அதற்குத் தேனீ என்று பொருள். வேதத்தில் வரும் தெபோராள் ஜனங்களுக்கு நியாயம் விசாரித்த பெண். சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் அப்பா, மகள் நீதிபதியாக வரவேண்டும் என்று எண்ணி இந்தப் பெயரை வைத்தார். நான் நீதிபதியின் மேடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். அப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆரியசாலையில் தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் "மோளு கோர்ட்டுல" என்பார். என்ன வேலை என்று சொல்லமாட்டார்.

வீட்டிலும் ஆலயத்திலும் தமிழ், பள்ளியிலும் தெருவிலும் மலையாளம். எங்களைப் போன்ற குடும்பங்களில் பிறந்த எல்லோருக்கும் அப்படித்தான். இரண்டும் தெரியும் என்பதையே தகுதியாக நினைத்து நான் தேர்வு எழுதினேன். இரண்டும் தெரிந்திருப்பது வேறு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு மனிதரின் பேச்சைச் சிந்தாமல் கொண்டுபோவது வேறு என்று எனக்குக் காட்டியவர் தலைமை மொழிபெயர்ப்பாளர் சுமங்கலா மேடம்.

அவருக்குத் தாய்மொழி மலையாளம். தமிழைப் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும்போது கற்றுக்கொண்டாராம். நன்றாக வாசிப்பார், ஆனால் பேச்சுத் தமிழ் வேகமாக வந்தால் அவருக்குப் பிடிபடாது. அதை மறைக்கவும் மாட்டார், புரியாவிட்டால் 'மனஸிலாயில்ல' என்று சொல்லிவிடுவார். வெளிர் நிறப் பருத்திச் சேலை, மேசை விளிம்பில் மாட்டிய குடை, எதிரே ஒரு காலி நாற்காலி. நாம் மொழிபெயர்த்ததை அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். "வாயிச்சோ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எங்கேயாவது இடறினால் வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல உயரும். எந்தச் சொல் தப்பு என்று சொல்லமாட்டார். நாமே தேடிக் கண்டுபிடித்துத் திருத்தி மறுபடி வாசிக்க வேண்டும். விரல் இறங்கினால் மேலே போகலாம். முதல் வருடத்தில் அந்த விரலைக் கனவில்கூடக் கண்டிருக்கிறேன். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை, திட்டியும் கேட்டதில்லை.

அவரிடம் மூன்று விதிகள் இருந்தன. ஒன்றும் கூட்டாதே, ஒன்றும் குறைக்காதே. ஆட்பெயரை மொழிபெயர்க்காதே. ஒரு சொல்லுக்கு மலையாளத்தில் நேர்ச்சொல் இல்லையென்றால் அந்தச் சொல்லையே கோர்ட்டின் முன் வைத்து, இதற்கு நேர்ச்சொல் இல்லை என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். கேட்டால் மட்டும் விளக்கு. கேட்காமல் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் நீ மொழிபெயர்ப்பாளர் அல்ல, வக்கீல் என்பார்.

மூன்றாவது விதியின் அருமையை எனக்கு முதலில் உணர்த்தியவர் செல்வராஜ் என்ற கொத்தனார். நாகர்கோவிலுக்குத் தெற்கேயிருந்து இங்கே கட்டட வேலைக்கு வந்தவர். லாரி மோதி ஒருவர் இறந்த வழக்கில் அவர்தான் கண்ணால் கண்ட சாட்சி. லாரிக்காரரின் வக்கீல், விபத்துக்குப் பிறகு நீர் என்ன செய்தீர் என்று கேட்டார். செல்வராஜ் கையைக் கட்டிக்கொண்டு, "அன்னைக்குத்தான் சார் நான் இரட்சிக்கப்பட்டேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வக்கீல் துள்ளிவிட்டார். மலையாளத்தில் 'ரக்ஷப்பெட்டு' என்றால் தப்பி ஓடினான் என்று பொருள். சாட்சி தானே ஒத்துக்கொள்கிறார், சம்பவ இடத்தில் அவர் நிற்கவே இல்லை, இனி அவர் பார்த்ததாகச் சொல்வதை எப்படி நம்புவது என்று அடுக்கினார். நான் விதிப்படி எழுந்து, சாட்சி சொன்னது இரட்சிக்கப்பட்டேன் என்ற சொல், அது ஆலயத்தில் வழங்கும் சொல், மலையாளத்தில் இதற்கு நேர்ச்சொல் இல்லை என்று சொல்லி நிறுத்தினேன். மாஜிஸ்திரேட் செல்வராஜையே கேட்கச் சொன்னார். கேட்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அடிபட்டவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், அவர் உயிர் போனதைப் பார்த்த அதிர்ச்சியில் நேரே ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போய் முழங்கால் போட்டதாகவும், அதன்பிறகு சாராயத்தைத் தொடவில்லை என்றும் செல்வராஜ் சொன்னார். ஓடிப்போனவர் என்று சொல்லப்பட்டவர் கடைசிவரை அங்கேயே இருந்தவர் என்று ஆயிற்று. அந்த வக்கீலே சிரித்துவிட்டார். அன்று மாலை சுமங்கலா மேடத்துக்கு வாசித்துக் காட்டியபோது விரல் உயரவில்லை.

இரண்டாவது விதியோடு எனக்குச் சண்டை வந்தது முடியப்பன் வழக்கில்.

போனக்காட்டில் கொழுந்து பறித்து வாழ்ந்த ஒருவர் விதுரைப் பக்கம் சிறிய நிலம் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு இறந்துபோனார். நிலம் தங்களுடையது என்று அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் கேட்டார்கள். எதிராக வந்தவர் பக்கத்து நிலத்துக்காரர். அவருடைய வக்கீலின் வாதம் எளிமையானது. ஆலயத்து ஞானஸ்நானப் பதிவில் இவர்களின் தகப்பன் பெயர் முடியப்பன். தோட்டத்து ஆவணத்தில் ஸ்டீபன். கிரயப் பத்திரத்தில் எஸ்தப்பான். மூன்று பெயர், மூன்று ஆள். எஸ்தப்பானின் நிலத்தை முடியப்பனின் பிள்ளைகள் எப்படிக் கேட்கலாம்?

தமிழில் இருந்த ஞானஸ்நானப் பதிவை மலையாளத்தில் ஆக்கும் வேலை எனக்கு வந்தது. பெயரை அப்படியே எழுதிவிட்டால் என் கடமை முடிந்தது. ஆனால் எழுதியதை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போய், இந்தப் பெயரை நான் மொழிபெயர்க்கக் கூடாது, சரிதான், ஆனால் இதை எனக்கு முன்பே யாரோ மொழிபெயர்த்துவிட்டார்கள் என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். அப்படி அவர் கண்ணைத் திறந்து என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பழைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் வேதப் பெயர்களை ஓசையோடு எடுத்துக்கொள்ளாமல் பொருளைப் பிடித்துத் தமிழாக்கினார்கள். ஸ்தேபான் என்பது கிரேக்கத்தில் மகுடம், அதனால் முடியப்பன். யோவான் என்றால் கடவுள் அருளினார், அதனால் அருளப்பன். பவுல் என்றால் சிறியவன், அதனால் சின்னப்பன். மலையாளிகள் ஓசையைப் பிடித்து எஸ்தப்பான், உலகன்னான், பௌலோஸ் என்றார்கள். பெயர் ஒன்றுதான், உடுத்திய துணிதான் வேறு.

மேடம் கேட்டு முடித்துவிட்டு, மொழிபெயர்ப்பில் பெயரைத் தொடாதே, கீழே ஒரு குறிப்பு எழுது, அதில் உன் கையெழுத்தைப் போடு, கூப்பிட்டால் கூண்டில் ஏறி நின்று சொல் என்றார்.

கூப்பிட்டார்கள். ஊர்க்காரர்களின் சொல்லுக்கெல்லாம் பக்கத்தில் நின்று பழகியவள், அன்று நானே கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல், முடி என்றால் தமிழிலும் தலைமயிர்தானே என்று கேட்டார். ஆமாம், மயிருக்கும் அந்தச் சொல்தான் என்றேன். ஆனால் ராஜாவுக்கு முடிசூட்டினார்கள் என்று சொன்னால் தலையில் மயிர் ஒட்டினார்கள் என்று தமிழர் யாரும் எண்ணமாட்டார்கள் என்றும் சொன்னேன். நீதிபதி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குப் பின்னால் கூண்டேறிய மூத்த மகள் ஞானம்மாளிடம், உன் அப்பாவின் உண்மையான பெயர் இந்த மூன்றில் எது என்று கேட்டார்கள்.

"வீட்ல முடியப்பன்னு கூப்பிடுவாக. ஆபீஸ்ல ஸ்டீபன்னு கூப்பிடுவாக. சந்தையில எஸ்தப்பான்னு கூப்பிடுவாக. எதச் சொல்லிக் கூப்பிட்டாலும் எங்கப்பாதான் திரும்பிப் பாப்பாக" என்றாள் அவள்.

தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. தீர்ப்பில் என் குறிப்பை எடுத்து அப்படியே சேர்த்திருந்தார் நீதிபதி. அந்த நிலத்தில் இப்போது ஞானம்மாளின் மகன் வீடு கட்டியிருக்கிறான். பால் காய்ச்சின அன்று என்னை அழைத்தார்கள். வாசலில் பளிங்குக் கல்லில் மூன்று மொழியில் மூன்று பெயரும் வெட்டி வைத்திருந்தார்கள்.

இனி ராகேல்.

பாறசாலைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை. கரமனைப் பக்கம் ஒரு வீட்டில் தனியாக இருந்த சாரதாம்மா என்ற ஓய்வு பெற்ற ஆசிரியையைக் கவனித்துக்கொள்ளும் வேலை. இருவரும் சேர்ந்து பல வருடம் வாழ்ந்துவிட்டார்கள். சாரதாம்மா விளக்கேற்றி நாமம் சொல்லும்போது ராகேல் அடுக்களையில் ஜெபம் சொல்வாளாம். ஒரு நாள் அந்தி கழிந்த பிறகு சாரதாம்மா கிணற்றடிப் படிக்கட்டுக்குக் கீழே தலையில் அடிபட்டு இறந்து கிடந்தார். ராகேல் தள்ளிவிட்டாள் என்று அவருடைய அண்ணன் மகன் புகார் கொடுத்தார். இருவருக்கும் முந்தின வாரம் வாய்த்தகராறு நடந்தது என்றும் சொன்னார். தவறி விழுந்தாலும் இப்படி அடிபடும், தள்ளினாலும் இப்படி அடிபடும் என்றார் டாக்டர். ஆக, வழக்கு முழுவதும் ஒரு சாட்சியின் மேல் நின்றது.

அந்தச் சாட்சி லில்லி புஷ்பம். ராகேல் போய்வந்த தமிழ்ச் சபையில் பெண்கள் சங்கத்தின் செயலாளர். சாரதாம்மா இறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் பெண்கள் கூடியிருந்தபோது ராகேல் எழுந்து எல்லார் முன்னிலும் அழுதாள். அவள் சொன்னதை லில்லி போலீசுக்குத் தமிழில் சொன்னார். ஸ்டேஷனில் இருந்தவர் கேட்டதை மலையாளத்தில் எழுதினார். கோர்ட்டுக்கு வந்த அந்த வாக்குமூலத்தில் இரண்டு வரிகள்தான் முக்கியம்: ராகேல் குற்றத்தை ஏற்றுச் சொன்னாள், அம்மாவை 'த்ரோஹிச்சு' என்று சொன்னாள். மலையாளத்தில் த்ரோகம் என்றால் கொடுமை செய்வது, துன்புறுத்துவது. ஒரு கிழவி தலை உடைந்து இறந்த வழக்கில் அந்தச் சொல்லுக்கு என்ன கனம் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ராகேலும் தனக்கு உதவவில்லை. இலவச சட்ட உதவியில் வந்த அவளுடைய வக்கீல் ஒரு பெண். சம்பவத்தின்போது நீ எங்கே இருந்தாய் என்று அவர் கேட்டால் ஆலயத்தில் இருந்தேன் என்பாள். பிறகு உடனே, நான் பாவிதானே என்று அழத் தொடங்கிவிடுவாள். ஆலயம் வீட்டுக்கு அருகில். தள்ளிவிட்டு அங்கே போயிருக்கலாம் என்றது போலீஸ். சபைப் பெண்கள் பயந்துபோய் வழக்கின் பக்கமே வரவில்லை. அவர்களில் கோர்ட்டுக்கு வந்தது லில்லி மட்டும்தான், அதுவும் அரசுத் தரப்பின் சாட்சியாக.

லில்லி கூண்டேறிய நாளில் நான் சத்தியம் செய்து பக்கத்தில் நின்றேன். அரசு வக்கீல் நல்ல மனிதர், யாரையும் மிரட்டாதவர். சினிமா பார்த்துப் பழகிய தமிழ் அவருக்குக் கொஞ்சம் உண்டு. ராகேல் அன்றைக்கு என்ன சொன்னாள் என்று கேட்டார். லில்லி தலைகுனிந்தபடி சொன்னார்:

"அவ எழும்பி பாவ அறிக்க செஞ்சா சாறே. 'நான் பாவி, அம்மைக்கு துரோகம் செஞ்சுட்டேன், எனக்கு மன்னிப்பு வேணும்'னு சொல்லி அழுதா."

கோர்ட்டில் இருந்த எல்லோருக்கும் துரோகம் என்ற சொல் காதில் விழுந்தது. எல்லோரும் புரிந்துவிட்டதாகத் தலையாட்டினார்கள். தட்டச்சு செய்கிறவர் நான் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை. த்ரோஹிச்சு என்று அடிக்கத் தொடங்கிவிட்டார். தெரியாத மொழியை மொழிபெயர்ப்பது சுலபம். தெரியும் என்று எல்லோரும் நினைக்கிற சொல்லை மொழிபெயர்ப்பதுதான் கடினம். ராகேல் குற்றவாளிக் கூண்டில் கைகூப்பியபடி நின்றாள். சாட்சி தன்னைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறார் என்பது போல அவளும் தலையாட்டினாள்.

நான் கையை உயர்த்தினேன். இந்தப் பதிலை நான் இன்னும் மொழிபெயர்க்கவில்லை என்றேன். அரசு வக்கீல், இதில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது, அதே சொல்தானே என்றார். நீதிபதியும் என்னைப் பார்த்து, மலையாளத்திலும் அதே சொல்தானே என்று கேட்டார்.

"ஓசை ஒன்றுதான், பொருள் ஒன்றல்ல" என்று மலையாளத்தில் சொன்னேன். "சாட்சி சொன்னதில் இரண்டு சொல் அப்படி. பாவ அறிக்கை ஒன்று, துரோகம் ஒன்று. இரண்டுக்கும் இங்கே நேர்ச்சொல் இல்லை."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத் தெரிந்தது. எனக்கு எல்லாம் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. ஞாயிறுதோறும் நானே அந்தப் பாவ அறிக்கையை உரக்கச் சொல்கிறவள் ஆயிற்றே. ஆனால் கேட்காமல் பேசியிருந்தால், மொழிபெயர்ப்பாளரும் அதே மதம், அதே மொழி, அவருக்குப் பரிதாபம் என்று ஒரு வரியில் என்னைத் தள்ளிவிட்டிருப்பார்கள்.

நீதிபதி தட்டச்சை நிறுத்தச் சொன்னார். தலைமை மொழிபெயர்ப்பாளரை அழைத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார். சுமங்கலா மேடம் குடையோடு வந்து நின்றார். சாட்சி சொன்னதைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். மேடம் இரண்டு முறை வாசித்தார். இவர் சொல்வது சரிதானா என்று நீதிபதி கேட்டார். எனக்கு ஆதரவாக நீளமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நீட்டவில்லை. தமிழில் துரோகம் என்றால் நம்பினவரைக் கைவிடுவது, சொன்ன சொல் தவறுவது, ஆனால் நானோ இவரோ பொருள் சொல்வதைவிட, அந்தச் சொல்லைக் கேட்டவர் இங்கேயே நிற்கிறார், அவரிடமே கேட்பதுதான் முறை என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

நீதிபதி கேட்டார், நான் தமிழில் லில்லியிடம் கேட்டேன்: அம்மாவுக்கு என்ன துரோகம் செய்ததாக ராகேல் சொன்னாள்?

லில்லி முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். இத்தனை நாளாக அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

"அந்தியில அம்மைய ஒத்தைக்கு விடமாட்டேன்னு வாக்கு குடுத்திருந்தா. அன்னைக்கு எங்களுக்கு அசனத்துக்குக் காய் வெட்டு. பொழுது இருக்கதுக்குள்ள வந்து எனக்க கிட்ட உக்காந்து வெட்டினா. போன் வந்து, அம்மை விழுந்து கெடக்குன்னு சொல்லுகது வர எழும்பல. அதத்தான் துரோகம்னு சொன்னா."

அசனம் என்பது எங்கள் சபைகளில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் விருந்து. முந்தின நாள் மாலையே ஆலய முற்றத்தில் பெண்கள் கூடிக் காய் வெட்டுவார்கள். நான் இதை வரிவரியாக மலையாளத்தில் சொன்னேன். பொழுது இருக்கும்போதே என்ற இடத்தில் நீதிபதி என்னை நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னார். காரணம் இருந்தது. சாரதாம்மா அந்தியில் விளக்கேற்றிவிட்டு வாசலில் நின்று தன்னோடு பேசினார் என்று பக்கத்து வீட்டுப் பெண் ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்தார். விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே ராகேல் லில்லியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்றால், அந்தப் படிக்கட்டில் அவள் இல்லை.

ராகேலின் வக்கீலே அதை எதிர்பார்க்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு லில்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். அரசு வக்கீல் தன் கடமையை விடவில்லை. இருந்தாலும் அவள் எல்லார் முன்னிலும் எழுந்து ஏற்றுச் சொன்னாள் அல்லவா, அது குற்றச் சம்மதம் இல்லையா என்று கேட்டார். நீதிபதி லில்லியிடம் வேறு ஒரு கேள்வியைக் கேட்கும்படி என்னிடம் சொன்னார். உங்கள் சபையில் பாவ அறிக்கை செய்தது ராகேல் மட்டும்தானா?

லில்லிக்குக் கேள்வி விளங்கவில்லை. நான் மறுபடி கேட்டேன்.

"எல்லாரும் செய்வோம் சாறே. ஞாயிறுதோறும் செய்வோம். ஐயரும் செய்வாரு. நானும் செய்யுதேன். பாவ அறிக்க இல்லாம ஆராதன உண்டுமா?" என்றார்.

நான் மொழிபெயர்த்து முடித்தபோது கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அதைக் குற்றச் சம்மதம் என்று எழுதினால் அந்தச் சபை முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும், ஐயர் என்று அவர்கள் சொல்லும் பாதிரியாரையும் சேர்த்து. அரசு வக்கீல் லில்லியைப் பார்த்து, பிறகு கையிலிருந்த வாக்குமூலத்தைப் பார்த்து, இந்தச் சாட்சியிடம் தனக்கு வேறு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். அவர் அன்று பிடிவாதம் பிடிக்காததற்கு இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை.

லில்லி சொன்ன தமிழ்ச் சொற்களை அப்படியே தமிழ் எழுத்திலும், கீழே அதன் பொருளை மலையாளத்திலும் பதிவு செய்யும்படி நீதிபதி உத்தரவிட்டார். அந்தக் கோர்ட்டில் அதன்பிறகு தமிழ்ச் சாட்சிகளுக்கெல்லாம் அதுவே வழக்கமாயிற்று. அன்று மாலை அந்தப் பதிவை மேடத்துக்கு வாசித்துக் காட்டினேன். பாவ அறிக்கை என்ற இடத்தில் நானே ஒரு கணம் தயங்கி அவருடைய கையைப் பார்த்தேன். அது மடியிலேயே கிடந்தது. கடைசிவரை கிடந்தது.

தீர்ப்பு நாளில் ராகேலுக்காகச் சபைப் பெண்கள் திரண்டு வந்திருந்தார்கள். பயந்து ஒதுங்கியிருந்தவர்கள் எல்லோரும் லில்லியின் பின்னால் வரிசையாக நின்றார்கள். நீதிபதி வாசித்தார். குற்றக்காரி அல்ல என்று கண்டு 'வெறுதே விட்டிரிக்குந்நு'. மலையாளத்தில் விடுதலைக்கு அதுதான் வழக்கு. நான் மொழிபெயர்ப்பதற்குள் வராந்தாவில் ஒரே ஆரவாரம். வெளியே வந்தால் ராகேல் மட்டும் சுவரோரம் ஒதுங்கி நின்று கொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அக்கா, வெறுதே விட்டாவன்னு சொல்லுதாவளே. குத்தம் இருக்கு, போட்டும்னு சும்மா விட்டாவளா?" என்று கேட்டாள்.

அவள் ஊர்ப் பேச்சில் வெறுதே என்றால் சும்மா. அவளுக்குச் சும்மா கிடைக்கும் விடுதலை வேண்டியதாக இல்லை. சாரதாம்மாவைத் தான் கொல்லவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும், அதுவும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்திருக்கிறாள். சத்தியத்தின் கட்டு இப்போது என்மேல் இல்லை. கோர்ட்டு முடிந்துவிட்டது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சும்மா விடல பிள்ளே. உன் மேல குத்தமே இல்லைன்னு நீதிபதி எழுதி, எல்லார் முன்னாலயும் வாசிச்சாரு. நம்ம சபை வார்த்தையில சொன்னா, நீதிமானாக்கப்பட்டிருக்க."

நீதிமானாக்கப்படுதல் என்ற சொல்லை நான் சிறுவயது முதல் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அது ஒரு கோர்ட்டுச் சொல் என்பது அந்த வராந்தாவில்தான் எனக்கு உறைத்தது. கூண்டில் நிற்கிற ஒருத்தியைப் பார்த்து, இவள்மேல் குற்றம் இல்லை என்று மேடையிலிருந்து சொல்வது.

ராகேல் அந்தச் சொல்லை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். வாக்குத் தவறினதுக்கு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாச்சு அக்கா, இனி இதுவும் தீர்ந்தது என்றாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு படியிறங்கி முற்றத்தில் நின்ற பெண்களிடம் போனாள். லில்லி அவளைக் கட்டிக்கொண்டார். யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை, அங்கேயே நின்று பாடத் தொடங்கிவிட்டார்கள். வளாகத்தில் பாடக்கூடாது என்று சொல்லக் காவலர் ஒருவர் இரண்டு அடி எடுத்து வைத்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் மேலே ஏறி வந்தபோது சுமங்கலா மேடம் எங்கள் அறையின் ஜன்னலருகே நின்றிருந்தார். கீழே பாட்டு பலத்துக்கொண்டே போனது. என்ன பாடுகிறார்கள் என்று கேட்கப் போகிறார் என நினைத்து, முதல் வரிக்கு மலையாளம் தேடிக்கொண்டே அவர் பக்கத்தில் போய் நின்றேன். வாயைத் திறந்தேன்.

அவர் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. கையை மட்டும் காட்டி என்னை நிறுத்தினார்.

"வேண்டா, டெபோரா" என்றார். "மனஸிலாயி."